தம்புசாமி கொடுத்த கத்தி

மலாயாவில் அலோர் காஜாவுக்கு உள்ளே இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அங்கமுத்துவைப்போல மோசமாகப் பால் வெட்டுகிறவன் வேறு யாரும் இல்லை. அவன் கை பட்டால் ரப்பர் மரத்துப் பட்டை கிழியும், கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுவார். குறை தன் கையில் இல்லை, கத்தியில்தான் என்று அவன் சாதிப்பான். அதனால்தான், பக்கத்து நிரையில் வெட்டும் தம்புசாமி ஒரு மத்தியானம் தன் கத்தியை நீட்டி, "நீயே வச்சிக்கடா" என்றபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பதினைந்து வருஷமாகத் தீட்டித் தீட்டி, தம்புசாமியின் கைக்கென்றே ஆகிப்போன கத்தி அது. பெண்டாட்டியைக்கூட அவன் அதைத் தொட விட்டதில்லை. அங்கமுத்து லயத்து வீடுகள் முழுக்க அதைக் காட்டிப் பீற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி கருப்பாயி சிரிக்கவில்லை.

"கத்திய ஒங்ககிட்ட குடுத்துட்டா, அவரு நாளைக்கு எதால வெட்டுவாரு? கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பாவி, கேட்கத் தோன்றவே இல்லை. இனி கத்தியே வேண்டாமென்றுதானே கொடுத்திருக்கிறான்?

தம்புசாமி மாறியதெல்லாம் முள்வேலி வந்த பிறகுதான். ஐம்பத்தொன்றில் வெள்ளைக்காரச் சர்க்காரில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே வேலிக்குள் இழுத்துப் போட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டார்கள். தம்புசாமி முதலில் சிரிப்பை விட்டான், பிறகு பேச்சை, பிறகு குளிப்பதையே விட்டான். பெரட்டுக்குப் பேர் கூப்பிடும்போது இருக்கமாட்டான். வேலியோரம் நின்று காட்டையே வெறிப்பதால் போலீசுக்கும் அவன்மேல் ஒரு கண். யார் கேட்டாலும் காய்ச்சல் என்பான். ஆம்பளைக்குக் காய்ச்சல் வரலாம், வேறெது வந்தாலும் வெட்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரைகளை மூன்று மாதமாக முழுங்கிக்கொண்டிருந்தான்.

கத்தி கைக்கு வந்த மறுநாள் காலையில் அங்கமுத்து தம்புசாமி வீட்டு வாசலில் போய் நின்றான். தனக்குத்தான் உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வர வேண்டும் என்று கெஞ்சினான். தம்புசாமி அவனுக்காக வந்தான். தனக்காக என்றால் வந்திருக்கவே மாட்டான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சாமிநாதன் முன்னால் உட்கார்ந்ததும் அங்கமுத்து அவிழ்த்துவிட்டான். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, மனுஷர் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை, பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் எரிச்சல் வருகிறது. டிரஸ்ஸர் அவன் தொப்பையைப் பார்த்தார். பிறகு பின்னால் சுவரோரம் நின்றவனைப் பார்த்தார். குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அங்கமுத்துவுக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது.

"நெனச்சி நெனச்சி அழுதுக்கிட்டே இருக்கேன் ஐயா."

"அழுவ வராது."

இருவரும் திரும்பினார்கள். தம்புசாமி தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அழுவ வந்தா நல்லாருக்கும். அதான் வர மாட்டேங்குது."

டிரஸ்ஸர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தார். செத்துப்போகலாமென்று தோன்றுகிறதா என்று சுற்றிவளைக்காமல் கேட்டார். தம்புசாமி ஆமென்று தலையை ஆட்டினான். அங்கமுத்து அழுதான், இந்தத் தடவை நடிப்பு இல்லை.

"இது காய்ச்சல் இல்ல தம்புசாமி. ஆனா இதுவும் நோவுதான். வைத்தியம் இருக்கு" என்றார் டிரஸ்ஸர். மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். போலீசுக்கு இன்னொன்று, இவன் நோயாளி என்று.

சட்டென்று ஒன்றும் சரியாகிவிடவில்லை. அங்கமுத்து பஸ்ஸில் கூடவே போய் வந்தான். சாயங்காலம் தவறாமல் அவன் வீட்டில் உட்கார்ந்து கதையளந்தான். சில நாள் தம்புசாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே கேட்டான், சில நாள் போகச் சொன்னான். அங்கமுத்துவா போவான்? அந்த ஓயாத வாயால் ஊரில் ஒருவருக்குப் பிரயோசனம் உண்டானது அப்போதுதான்.

கத்தி கொடுத்த எட்டாம் மாதம் ஒரு காலை, பெரட்டு முடிந்ததும் தம்புசாமி அவன்முன் வந்து கையை நீட்டினான்.

"எங்கடா என் கத்தி?"

அங்கமுத்து வீட்டுக்கு ஓடினான். கருப்பாயியின் பழஞ்சேலையில் சுற்றிப் பெட்டியடியில் வைத்திருந்தான். ஒரு மரத்தைக்கூட அதால் தொட்டதில்லை. தம்புசாமி வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"துரு ஏத்தி வச்சிருக்கியேடா. ஒரு கத்தியப் பாத்துக்கத் தெரியல ஒனக்கு."

கேட்டுக்கு நடந்தபோதும் திட்டினான், வரிசையில் நின்றபோதும் திட்டினான். அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அங்கமுத்துவுக்கு, போலீஸ்காரர் தன்னைத் தடவிச் சோதித்து முடித்ததுகூடத் தெரியவில்லை.