மன்னருக்காகக் கறுப்பு உடுத்தியவர்

ஐந்து சட்டைகளை மேசைமேல் வைத்து, "எல்லாத்தையும் கறுப்பாக்கித் தர முடியுமா, பையா?" என்று கேட்டார் எதிர்க்கடை அக்கா. பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் நான் வேலை பார்த்த தையற்கடைக்கு எதிரே ஒரு சின்ன உணவகம். அதில் சமைத்தவர் அவர். தாய்லாந்துக்காரர். எங்கள் பேச்சு அரைகுறை இந்தியிலும் இங்கிலீஷிலும் நடக்கும். அன்று அவர் கண்கள் வீங்கியிருந்தன. அவர்களுடைய மன்னர் இறந்த செய்தியை நானும் செல்போனில் பார்த்திருந்தேன்.

"சாயம் வேண்டாம் அக்கா, புதுசாவே தைச்சுத் தர்றேன்" என்றேன். பெண்களின் அபாயா அங்கி தைக்கிற கடையில் கறுப்புத் துணிக்கா பஞ்சம்?

நான் துணி வெட்ட, அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மன்னரைப் பற்றிப் பேசினார். அண்ணன் இறந்ததால் படிக்கிற வயதில் பட்டத்துக்கு வந்தவராம். எழுபது வருஷம் ஆண்டாராம். அக்காவின் ஊர் வடகிழக்கில், மழை பொய்க்கிற பூமி. கழுத்தில் கேமராவும் கையில் வரைபடமுமாக மன்னர் அங்கே நடந்து வந்து, அக்காவுடைய அப்பாவோடு வெறுந்தரையில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டிருக்கிறார். பிறகு அங்கே ஒரு குளம் வெட்டப்பட்டது. அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றுதான் அக்கா வளர்ந்தார். வேறொரு மன்னரை அவர் ஆயுளில் பார்த்ததே இல்லை.

எங்கள் முதலாளியைக் காக்கா, அதாவது அண்ணன், என்போம்; எங்கள் ஊர்க்காரர். அக்கா போனதும் அவர் சிரித்தார். "ராசாவுக்கா இப்படி அழுவுது? ஒன் வாப்பா மௌத்தான அன்னைக்கே நீ டூட்டி பாத்தவன்டா!" பாராட்டாகத்தான் சொன்னார். ஊரில் வாப்பா இறந்தது அதற்கு முந்திய வருஷம். லீவ் கிடைக்கவில்லை. அன்று மாலைவரை எட்டு அபாயா வெட்டினேன். யாரிடமும் சொல்லி அழவில்லை.

அக்கா கறுப்பு உடுத்தத் தொடங்கினார். அவருக்கு என்ன துக்கம் என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் பாதிப்பேர் கறுப்பில் நடக்கிற தெருவில் ஒருத்தியின் கறுப்பு எப்படித் தெரியும்? அரண்மனையில் வைத்திருந்த மன்னரின் உடலுக்கு முன் ஒருமுறை விழுந்து வணங்க ஊருக்குப் போகவேண்டும் என்று துடித்தார். விசா கொடுத்த கஃபீல் ஒரே சொல்லில் "மாஃபி", இல்லை, என்றுவிட்டார். "இளவரசர்கூட உடனே பட்டம் ஏத்துக்கலை, பையா. ஜனங்களோட சேர்ந்து துக்கம் காக்கக் கொஞ்ச நாள் கேட்டார். அவருக்குக் கிடைச்சது. எனக்குப் பத்து நாள் இல்லை" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரோடு அவர்களுடைய தூதரகத்துக்குப் போனேன். வரிசையில் எல்லோரும் கறுப்பு. அங்கேதான் ஒரு பெண் அக்காவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள்; அவர் உடைந்து அழுதார். இரங்கல் புத்தகத்தில் அவர் எழுதியபின் பேனாவை என்னிடமும் நீட்டினார்கள். தமிழில் எழுதினேன்.

பஸ்ஸில், "என்ன எழுதினே?" என்றார்.

"மன்னருக்கு வணக்கம்னு."

"உங்க மொழியில வணக்கம் இவ்வளவு நீளமா?"

அப்போதுதான் சொன்னேன். முதல் வரிதான் மன்னருக்கு. மற்றதெல்லாம் வாப்பாவுக்கு, அவருடைய ஜனாஸா அடக்கத்துக்கு நான் போகாததைப் பற்றி. இறங்கும்போது அக்கா, "ஒரு வருஷம் கறுப்புப் போடுவேன். அதுல உன் அப்பாவையும் சேர்த்துக்கோ" என்றார்.

எங்கள் மார்க்கத்தில் அப்படியொரு வழக்கமில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க, காய்கறிப் பெட்டியை இறக்க அவர் வாசலுக்கு வரும்போதெல்லாம் தையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். துக்கக்காலம் முடிந்து புது மன்னரின் படத்தை உணவகத்தில் மாட்டிய சில வாரங்களில், அக்கா வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். மன்னரின் உடலுக்கு அதற்குள் எரியூட்டியிருந்தார்கள்.

இப்போது அந்த உணவகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் உம்மாவும் மௌத்தானார்கள். இந்தத் தடவை லீவ் கிடைத்தது; அடக்கம் முடிந்து ஒரு நாள் கழித்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தபோது, இதை யாரிடம் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.