ரெனானில் அடித்த சைப்பிரஸ் வெயில்

மகள் மதுஜாவின் வீட்டு முன்னறையில் நின்று இரவீந்திரன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். வெளியே விடாத மழை. சுவிசின் ரெனான் ரயில் நிலையத்துத் தண்டவாளங்கள் கறுத்து மினுங்கின. மழைச் சத்தம் போனுக்குள் போய்விடக்கூடாதென்று யன்னலை ஒருதரம் இறுக்கிச் சாத்திவிட்டு அவர் சொன்னார்.

"இஞ்ச நல்ல வெயில் அண்ணை. இப்பதான் கடற்கரைப் பக்கம் நடந்துபோட்டு வாறன்."

ஆராவ் நகரத்திலிருந்து மூத்ததம்பி அண்ணை சிரிப்பது குசினியில் நின்ற சிவபாக்கியத்துக்கும் கேட்டது. "நீ குடுத்துவைச்சவன்ரா இரவி. நாங்கள் இஞ்ச விறைச்சுப்போய்க் கிடக்கிறம். மீசை இருக்கோ?"

"இருக்கு, இருக்கு. அது எங்கை போகப்போகுது?"

சிவபாக்கியம் வெங்காயத்தை உரித்துக்கொண்டே கணவரின் முதுகைப் பார்த்தாள். கதைக்கத் தொடங்க முன்னர் அவர் போனில் சைப்பிரஸின் லார்நாக்கா நகரக் காலநிலையைத் தேடிப் பார்த்ததை அவள் கண்டிருந்தாள். அங்கே உண்மையிலேயே அன்று வெயில்தான். அந்த அளவில் அவர் பொய் சொல்லவில்லை.

அவர்கள் சைப்பிரஸை விட்டு வந்தது தை மாதத்தில். இப்போது சித்திரை பிறந்துவிட்டது. ஆராவில் ஒருவருக்கும் தெரியாது. ரெனானிலும் தமிழ்க் கடைப் பக்கம் போகக்கூடாது என்பது இரவீந்திரனின் கட்டளை. ரெனான் இருக்கிற லொசான் பக்கத்துத் தமிழருக்கும் ஆராவ் தமிழருக்கும் கலியாணத் தொடர்பு நிறைய. ஒருவர் கண்டால் பின்னேரத்துக்குள் அங்கே தெரிந்துவிடும். அதனால் கறிவேப்பிலையும் மரவள்ளிக்கிழங்கும் மருமகன்தான் வாங்கி வருவான்.

இரவீந்திரன் சுவிசுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினவர். யன்னல் இல்லாத அந்தக் கழுவுமிடத்தில் ஒரு படம் ஒட்டியிருந்ததாம். நீலக் கடல், வெள்ளை வீடு, வாசலில் ஒரு கதிரை. வெளியே ஆள் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்க, அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டே கழுவினாராம். கூடக் கழுவினவர் மூத்ததம்பி அண்ணை. பிறகு இருவரும் ஒன்றாக ஆராவுக்கு வந்து, ஒரே தொழிற்சாலையில் வேலை எடுத்து, பக்கத்துப் பக்கத்து வீதியில் குடியிருந்தார்கள். அந்தக் கதிரைக் கதையை மட்டும் இரவீந்திரன் விடவேயில்லை.

சிவபாக்கியம் திருகோணமலைப் பக்கத்துப் பெண். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கலியாணம் பேசி இங்கே வந்த பிறகு ஆராவில் ஒரு முதியோர் இல்லக் குசினியில் வேலை கிடைத்தது. கரட் சீவுவதும், காலைச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவதும் அவளுக்குப் பிடித்திருந்தது. அதிகம் கதைக்கத் தேவையில்லை. யாருக்குப் பாண் ஓரம் வெட்ட வேண்டும், யார் கோப்பிக்குப் பால் கேட்பார்கள் என்று பார்த்து வைத்திருந்தால் போதும். வெள்ளிக்கிழமைகளில் கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுவாள். பக்கத்தில் மூத்ததம்பி அண்ணையின் மனைவி பரமேஸ்வரி இருப்பாள். பரமேஸ்வரி கதைப்பாள், சிவபாக்கியம் கேட்பாள். அவர்களுடைய சினேகிதம் அப்படி ஒரு சினேகிதம்.

பென்சன் எடுத்த கிழமையே இரவீந்திரன் கேட்டார். "சைப்பிரஸுக்குப் போவம். நீரும் வேலையை விடும். என்ன சொல்லுறீர்?"

"உங்கட விருப்பம்" என்றாள்.

கலியாணம் ஆன நாளிலிருந்து அவள் சொல்லிவந்த பதில் அது. இன்னும் சில வருசம் வேலை செய்ய விருப்பம் என்றோ, கடலைப் பார்த்துக்கொண்டு தான் என்ன செய்வது என்றோ சொல்ல வாய் வரவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவரிலும் பிழை சொல்ல முடியாது.

பிரியாவிடையை மூத்ததம்பி அண்ணைதான் செய்வித்தார். மண்டபம் எடுத்து, இருவருக்கும் மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார். "டாவோஸிலை பனிக்குள்ள கோப்பை கழுவின இரவி, இண்டைக்குக் கடற்கரையிலை கால் நீட்டப் போறான்" என்று மைக்கில் சொன்னார். பின்வரிசையில் இருந்து யாரோ, "மூண்டு மாதத்திலை ஆள் திரும்பி வரும், பாருங்கோ" என்று பகிடி விட்டார்கள். இரவீந்திரன் மைக்கை வாங்கினார். "திரும்பி வந்தா இந்த மீசையை எடுக்கிறன்!" மண்டபம் கைதட்டியது. சிவபாக்கியம் மட்டும் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை பேருக்கு முன்னால் இப்படிப் போனவர்கள் பிறகு எந்த முகத்தோடு திரும்பி வருவது என்ற கேள்வி அப்போதே அவளுக்கு வந்தது.

சைப்பிரஸில் வெள்ளை வீடும் இருந்தது, வாசலில் கதிரையும் இருந்தது. கோடை முழுக்க இரவீந்திரன் அதில் இருந்தார். சுற்றிவர வெள்ளைக்காரப் பென்சன்காரர். கண்டால் சிரிப்பார்கள், காலமை வணக்கம் சொல்வார்கள். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் தரிப்பில் வீட்டுவேலை செய்யும் சிங்களப் பெண்கள் நிற்பார்கள். "அக்கா எந்த வீட்டிலை வேலை?" என்று அவளைக் கேட்பார்கள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் தன்னுடைய வீடுதான் என்று சொன்னால், பகிடி விடுகிறாள் என்று சிரித்தார்கள். பிறகு பக்கத்தில் இடம் விட்டு இருக்கச் சொன்னார்கள். அந்த ஊரில் அவளோடு வாய்விட்டுக் கதைத்தது அவர்கள்தான்.

மாரி வந்தது. வீட்டுக்குள் சூடாக்கி இல்லை. மாபிள் தரை பனிக்கட்டியாகக் குளிர்ந்தது, சுவரில் ஈரம் ஊறியது. சுவிசில் ஒருநாளும் வீட்டுக்குள் குளிராத மனிசர் குளிர் ஜாக்கெட்டோடு படுத்தார்கள். அந்த நாட்களில்தான் ஒருநாள் பக்கத்து வீட்டு ஆங்கிலேய மனுசி, தோடம்பழப் பையோடு வந்த சிவபாக்கியத்தை மறித்து, வியாழக்கிழமைகளில் தன் வீட்டையும் துடைத்துவிட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். பின்னால் வந்த இரவீந்திரன், இது என் மனைவி என்றார். மனுசி முகம் சிவந்து பலமுறை மன்னிப்புக் கேட்டாள், அடுத்தநாள் கேக் கொண்டுவந்து தந்தாள். சிவபாக்கியத்துக்குக் கோபம் வரவில்லை. கேட்டதற்கு ஓம் என்றிருந்தால் கிழமையில் ஒருநாளாவது ஒரு ஆளோடு பழகியிருக்கலாம் என்றுகூட நினைத்தாள். இரவீந்திரன்தான் அதற்குப் பிறகு வாசல் கதிரையில் இருக்கவில்லை.

வீட்டைக் கைவிட்டு மகளிடம் வந்தார்கள். "ரெண்டு கிழமை. பிறகு யோசிப்பம்" என்றார் இரவீந்திரன். ரெண்டு கிழமை மாதங்களாகியது. ஆராவில் டொச், அதாவது ஜேர்மன். இங்கே பிரெஞ்சு பேசும் ஊரில் சிவபாக்கியத்துக்குப் பாண் வாங்கவும் தெரியவில்லை. ஆராவ் என்றால் இரண்டு மணித்தியால ரயில். அவள் யன்னலால் பார்க்கும் ரயில்களில் சில அந்தப் பக்கம்தான் போயின.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வீட்டில் யாருமில்லாத நேரம் போன் அடித்தது. பரமேஸ்வரி.

"அக்கா, இவருக்கு நெஞ்சு நோ. நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. இன்ரென்சிவிலை வைச்சிருக்கினம். டொக்டர் டொச்சிலை சொல்லுறது பாதிதான் விளங்குது. மகன் கிஷோபன் லண்டனிலை இருந்து நாளைக்குத்தான் வந்து சேருவான். தனிய இருக்கிறன் அக்கா."

"ஐயோ பரமேஸ்."

"முந்தி மாதிரி நீங்கள் இஞ்ச இருந்திருந்தா இப்ப எனக்குப் பக்கத்திலை இருப்பியள், என்ன?"

அந்த நேரம் பார்த்துக் கீழே நிலையத்தில் பிரெஞ்சில் ஏதோ அறிவித்தார்கள். சிவபாக்கியம் சட்டென்று போனைக் கையால் பொத்தினாள். பொத்திய பிறகுதான் தான் செய்தது என்னவென்று விளங்கியது.

"நான் இவரிட்டைச் சொல்லி... வரப் பாக்கிறன்."

"கடல் தாண்டி எப்பிடி அக்கா உடன வாறது? விடுங்கோ. மனம் ஆறக் கதைச்சனான்."

ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போயிருந்த இரவீந்திரன் வந்ததும் வராததுமாக அவள் சொன்னாள். "மூத்ததம்பி அண்ணை ஆஸ்பத்திரியிலை. நெஞ்சு நோவாம். இப்பவே வெளிக்கிடுவம்."

அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு சொன்னார். "காலமை கோல் எடுத்தா, மத்தியானம் ஆள் வந்து நிக்குது. எந்த பிளைட்டிலை வந்தனீங்கள் எண்டு கேப்பினமே?"

"கேட்டா உள்ளதைச் சொல்லுவம்."

"ஆருக்கு? நெஞ்சு நோவோட கிடக்கிற மனுசனுக்கோ? இவ்வளவு மாதமும் உங்களுக்குப் பொய் சொன்னனான் அண்ணை எண்டோ? நாளைக்குப் பின்னேரம் போவமப்பா. நாளைக்கு எண்டாச் சரியா இருக்கும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மதுஜா கதையைக் கேட்டுவிட்டு நின்ற நிலையில் கத்தினாள். "அப்பா, உங்களுக்கு விசரே? அம்மா, நீங்கள் வெளிக்கிடுங்கோ. நான் டிக்கெட் எடுத்துத் தாறன். அவர் வராட்டி இருக்கட்டும்."

சிவபாக்கியம் கோட்டைப் போட்டாள். பொத்தானும் பூட்டினாள். இரவீந்திரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மண்டபத்தில் மைக்கை வாங்கின மனுசன் அல்ல அது. தலை தாழ்ந்து, கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தார். இவரை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய் நின்றால், பிறகு இவர் எங்கேயும் தலை காட்ட முடியாது என்று அவளுக்குப் பட்டது. பூட்டின பொத்தான்களைத் திரும்பக் கழற்றினாள்.

"உங்கட விருப்பம்" என்றாள்.

மதுஜா இருவரையும் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே வேலைக்குப் போனாள்.

அடுத்தநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் செய்தி வந்துவிட்டது. மூத்ததம்பி அண்ணை இல்லை.

அன்று பின்னேரம் ஆராவில் இறங்கி நடந்தபோது இரவீந்திரன் பெரிய சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்தார். விமானத்தில் வந்தவர் வெறுங்கையோடு வர முடியாது அல்லவா. உள்ளே ஒன்றுமில்லாததால் அது கல்லுத் தெருவில் துள்ளித் துள்ளிச் சத்தம் போட்டது. அவர் அழுதுகொண்டே இழுத்தார். சிவபாக்கியம் இரண்டடி பின்னால் நடந்தாள்.

மூத்ததம்பி அண்ணை வீட்டுப் படிக்கட்டு முழுக்கச் சப்பாத்துகள். கதவைத் தாண்டியதுமே பரமேஸ்வரி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். "எவ்வளவு தூரத்திலை இருந்து ஓடி வந்திருக்கிறியள் அக்கா! பாருங்கோ, கூடப்பிறந்ததுகள்கூட இப்பிடி வராதுகள்." இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்துத் தலையாட்டியது. யாரோ ஒரு வயதான அம்மா, "கடல் தாண்டி வந்த சினேகிதம்" என்று இரவீந்திரனின் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொள்ள வழி தெரியாமல் நின்றார்.

சிவபாக்கியம் நேரே குசினிக்குள் போனாள். தேயிலை எந்தத் தட்டில், பெரிய கேத்தில் எங்கே என்று அவளுக்குக் கேட்கத் தேவையில்லை. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி வைத்தாள். குடித்து வைத்திருந்த கோப்பைகளைக் கழுவினாள். கை வேலை செய்யும்வரை நெஞ்சு கொஞ்சம் பொறுத்தது.

பொழுது சாய, சனம் குறைந்த நேரத்தில் பரமேஸ்வரி உள்ளே வந்து அவளருகே சாய்ந்து நின்றாள். அழுது முடித்த குரலில் மெல்லக் கதைத்தாள்.

"விடிய முன்னம் ஒருக்கா முழிச்சவர் அக்கா. இரவி எங்கை எண்டு கேட்டவர். அவையள் சைப்பிரஸிலை எல்லோ எண்டனான். ஓமோம், மறந்துபோனன், அவன் அங்க நல்லா இருக்கட்டும் எண்டார். பிறகு கதைக்கேல்லை."

சிவபாக்கியத்தின் கையில் தேத்தண்ணித் தட்டம் இருந்தது.

"பரமேஸ், நாங்கள் ரெனானிலைதான் இருந்தனாங்கள்."

"என்னக்கா?"

"மதுஜா வீட்டிலை. தை மாதம் தொடக்கம்."

பரமேஸ்வரி சாய்ந்து நின்றவள் நிமிர்ந்தாள். "அப்ப நேற்று நான் கோல் எடுக்கேக்கை?"

"அங்கதான்."

ஏசுவாள் என்று சிவபாக்கியம் நினைத்தாள். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தாள். பரமேஸ்வரி ஏசவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. சிவபாக்கியத்தின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், முன்பின் தெரியாத ஒருவரை யாரென்று யோசிப்பதுபோல. பிறகு தட்டத்தை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"வாங்கோ, முன்னுக்கு வந்து இருங்கோ. இதுகளைப் பிள்ளையள் பாப்பினம்."

தோளில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போய், வந்தவர்களுக்குப் போட்டிருந்த கதிரை வரிசையில், இரவீந்திரனுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த வீட்டுக் குசினியிலிருந்து சிவபாக்கியத்தை ஒருவரும் ஒருநாளும் வெளியே கொண்டுவந்து இருத்தினதில்லை.

கோபிஷா என்ற பக்கத்து வீட்டுப் பிள்ளை கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணியும் ஒரு பிஸ்கற்றும் கொண்டுவந்து நீட்டினாள். "எடுங்கோ அன்ரி."

இரவீந்திரன் குனிந்து மெல்லக் கேட்டார். "ஏன் இஞ்ச வந்து இருக்கிறீர்? உள்ளுக்கு ஏதும் உதவி செய்யலாமே?"

"அங்கை ஆக்கள் இருக்கினம்" என்றாள் சிவபாக்கியம்.