பேட்டரிப் பெட்டியில் தண்ணீர் குடித்த எருது

மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தெருவுக்கே மாட்டுக்கறி விருந்து என்று என் வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தார். சொல்வது அவர், செய்வது நான். வண்டியிழுத்து ஓய்ந்த கிழட்டு எருது ஒன்றைத் தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஓட்டிவந்து கொழுக்க வைத்தோம்.

கள்ளக்குறிச்சியில் பேட்டரிக் கடையில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் எருதுக்கும் சீர் கொண்டுவந்தான். பழைய லாரி பேட்டரியின் பெட்டியை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக்கியிருந்தான். "நல்லா கழுவிட்டேன் அண்ணி. இன்னா ஸ்ட்ராங்கு பாருங்க!" எருதுக்கும் பிடித்துப்போனது. தண்ணீர் தீர்ந்த பிறகும் அடியை நக்கிக்கொண்டே நிற்கும்.

விருந்து நெருங்கும்போது எருது பல்லை நறநறவென்று கடித்தது. சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. மாட்டு டாக்டரம்மா வந்து எருதைவிடத் தொட்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பியதில், பேட்டரியின் ஈயம் எருதின் உடம்பில் ஏறியிருப்பது தெரிந்தது.

"ஊசி போட்டா மாடு பிழைக்கலாம். ஆனா வெட்டாதீங்க. ஈரல்லயும் எலும்புலயும் ஈயம் தங்கிடும், வேகவெச்சாலும் போகாது. சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்ப ஆபத்து" என்றார்.

மோப்பம் பிடித்ததுபோல் மாட்டு வியாபாரி ஒருவன் வந்து நின்றான்.

"எங்கிட்ட வுட்டுருங்கக்கா. வெளியூர்ல வெட்டுனா யாருக்குத் தெரியும்?"

எனக்கு வந்ததே கோபம்! "வெளியூர் புள்ளைங்களுக்கு மட்டும் இரும்பு வயிறா? உன் வூட்டுக்கு ஓட்டிக்கினு போயி உன் புள்ளைக்கு ஆக்கிப்போடுவியா?" என்று கத்தினேன். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். 

விருந்துக்கு வேறு கறி வாங்கினோம். ஆனால் பந்தியில் ஒருவரும் உட்காரவில்லை. 'இது அந்த மாடுதானே?' என்ற சந்தேகம் எல்லார் முகத்திலும் இருந்தது. கொழுந்தன்தான் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். "பாருங்க, உயிரோட நின்னுக்கினு கீது!" எருதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அள்ளி அள்ளித் தின்றார்கள். பெண்கள் அதற்கும் மஞ்சள் பூசி மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றது. என் மகள் பட்டுப்புடவையோடு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மா போட்ட ஊசிகளில் எருதுக்குப் பார்வை திரும்பியது. இப்போது தீனி ஜாஸ்தி, வேலை கிடையாது. கறி தின்னும் எங்கள் தெருவில் வயதாகித் தானாகச் சாகப்போகிற முதல் மாடு இதுதான். தோண்டி எடுத்து யாரும் தின்றுவிடாதபடி ஆழமாகப் புதைக்க வேண்டும். குழி வெட்டுவது கொழுந்தன் பொறுப்பு என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.