இடிமுத்துவும் மாமன் மடியும்

என் மச்சானுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "ஏலே மாப்ள, சாப்பிட்டியாலே?" என்பான். திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் நாங்கள். பிறகு அவன் தங்கையை நான் கட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும், இனிமேல் மாப்பிள்ளையை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு, "சரி, ஏலே மாப்ள, வா" என்று என்னைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அப்படிப்பட்டவன் போன ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் போன் செய்து, "வணக்கம் மாப்ள. நல்லா இருக்கீகளா?" என்றான். கோபம் என்று புரிந்துவிட்டது. "நம்ம பிள்ளை காதுகுத்துக்கு நான் வரல. மடியில உக்கார வைக்க வேற யாரையாச்சும் பாத்துக்கோங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கிறது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிப்பார்கள், காதும் குத்துவார்கள். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். இவன் வராவிட்டால் காதுகுத்தே கிடையாது. கிடாய்க்குச் சொல்லியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது. இவ்வளவையும் நிறுத்தக் காரணமாக இருந்தது ஒரு கார்ட்டூன் பொடியனின் பெயர். சிரிக்காதீர்கள். நானே சிரிக்காமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜப்பான்காரர்கள் எடுத்த அனிமே அது. இடியைக் கையில் பிடித்து எறியும் ஒரு பையனின் கதை. நாங்கள் படிக்கிற காலத்தில் தமிழில் டப் செய்து டிவியில் போட்டார்கள். ஜப்பானில் அவன் பெயர் ரைதோமா. தமிழில் யாரோ ஒரு புண்ணியவான் அவனுக்கு இடிமுத்து என்று பெயர் வைத்தார். எதிரியைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து, "இடிமுத்து வர்றான், வழிய விடு!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். அதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்காது. எங்கள் வகுப்பில் அந்தச் சத்தத்தை அச்சு அசலாகக் கொடுக்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். அவன் என் மச்சான்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாலிடெக்னிக் படிக்கப் போன இடத்தில் எவனோ அவனுக்கு ஜப்பானிய மொழியிலேயே சப்டைட்டிலோடு பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டான். திரும்பி வந்தவன் வேறு ஆள். "இடிமுத்துவாம் இடிமுத்து. இனிமே அந்தப் பேரு என் வாயில வராது" என்று பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சத்தியம் செய்தான். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தான், பாவி.

எங்கள் பக்கத்து ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அனிமேயின் புது சீசன் தமிழ் டப்பிங்கில் ஜப்பானியப் பெயர்களையே வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் குழு இரண்டாகப் பிளந்தது. இடிமுத்து கட்சிக்கு நான் தலைமை. ரைதோமா கட்சிக்கு யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சண்டை போடுவதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. மச்சான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நான் இருப்பது ஆப்செட் பிரஸ்ஸில், கம்ப்யூட்டருக்கு முன்னால், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் செய்யும் வேலை. பகல் முழுக்க என் கட்சியின் நியாயங்களை எதிர்க்க ஆளில்லாமல் அடுக்கிக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் கம்பெனி விட்டு அவன் கைக்குப் போன் வந்ததும் சரவெடி பற்றிக்கொண்ட மாதிரி பதில்கள் படபடவென்று வந்து விழும். அதற்காகவே நான் டீக்கடையில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பேன்.

"தொட்டி நெறையச் சூப்பு, அதுல நூடுல்ஸ் மெதக்குது. உங்க டப்பிங்ல அதை இடியாப்பம்கிறான். எந்த ஊருலலே இடியாப்பத்த உறிஞ்சிக் குடிக்கிறாக?" என்பான். நான் வேறு பக்கம் தாவுவேன். "உங்க கம்பெனியில வடக்க போற பெட்டிக்கு நான்தான மச்சான் அனார்னு போட்டுத் தாரேன்? நம்ம ஊருக்குன்னா அதையே புஸ்வாணம்னு போடுறேன். பேரை மாத்துனா பொறி கம்மியாவா வருது? ஊரே இந்தத் தொழில்தான் பாக்குது, இடிமுத்துவுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவன் அன்றைக்கு அனுப்பிய பதில் ஒன்றே ஒன்றுதான். "புஸ்வாணத்துக்கு அப்பா அம்மா கெடையாது மாப்ள. அவனுக்கு இருக்காக. அவுக ஆசையா வச்ச பேரு அது."

ஆள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறான் என்று பட்டது. எரிச்சலில் இரண்டு டீ குடித்தேன்.

இதில் என் மகள் யார் பக்கம் என்பதுதான் இரண்டு கட்சிக்கும் பெரிய விஷயம். வீட்டில் என்னோடு உட்கார்ந்து பழைய தமிழ் டப்பிங்கைப் பார்ப்பாள்; "இடிமுத்து, இடிமுத்து" என்று கட்டிலில் குதிப்பாள். பிள்ளை என் பிள்ளைதான் என்று பூரித்துப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மாமன் வீட்டுக்குப் போனால் அவன் போனில் ஜப்பானிய மொழியில் பார்ப்பாள். அங்கே என்ன சொல்லிக் குதித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயம்.

காதுகுத்துக்கு முன் நான் செய்தது ஒன்றும் மோசமான காரியம் இல்லை. பிரஸ்ஸில் பெரிய தாளில் பல லேபிள்களை நெருக்கி அடுக்கி அச்சடிப்போம். அப்படியும் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சும். வெட்டிக் கழிக்கப்போகிற தாள்தானே என்று அந்த ஓரத்தில் எங்கள் சொந்தச் சாமான்களைச் சொருகிக்கொள்வோம். பிள்ளைகளின் நோட்டில் ஒட்ட பேர்ச்சீட்டு, வண்டியில் ஒட்ட சாமி படம். எல்லாப் பிரஸ்ஸிலும் நடப்பதுதான், முதலாளிக்கும் தெரியும். நான் அந்த ஓரத்தில் காதுகுத்துத் தாம்பூலப் பையில் ஒட்ட ஒரு துண்டு லேபிள் போட்டேன். மச்சானின் முகம். அதற்கு மேல் இடிமுத்துவின் சிலிர்த்து நிற்கும் முடி. கையில் மின்னல். கீழே கொட்டை எழுத்தில், 'தாய்மாமன் இடிமுத்து'. நான் டிசைன் செய்ததிலேயே அதுதான் உசத்தி. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பையைக் கையில் கொடுத்துவிட்டு அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி சீசன். லோடு லோடாக லேபிள் ஓடிக்கொண்டிருந்த நேரம். கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன், ஓரத்துச் சாமானைத் தனியாக எடுத்து வைக்கிறவர், அன்றைய அவசரத்தில் என் மச்சானின் முகத்தையும் ஒரு புது ஐட்டத்தின் லேபிள் என்று நினைத்துவிட்டார். அந்தத் தாள் யாருடைய ஆர்டரோ அந்தக் கம்பெனிக்கே மற்ற லேபிள்களோடு கட்டி அனுப்பிவிட்டார். அது என் மச்சானின் கம்பெனி.

பேக்கிங் ஹாலில் கட்டைப் பிரித்த பெண்கள், ஃபோர்மேன் முடி சிலிர்த்துக்கொண்டு மின்னலோடு நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். லேபிள் ஒட்டும் பசை பக்கத்திலேயே இருந்தது, கேட்கவா வேண்டும். அவன் ஸ்டூலில் ஒட்டினார்கள். சோற்றுத் தூக்கில் ஒட்டினார்கள். மத்தியானம் வெளியே வந்தவர்கள் வண்டி டேங்கையும் விடவில்லை. "இடிமுத்து அண்ணே, லோடு வந்திருச்சு." "இடிமுத்து அண்ணே, அம்புட்டுப் பெட்டியும் முடிஞ்சிருச்சு." வாயில் வராது என்று அவன் சத்தியம் செய்த பெயரை அன்று பகல் முழுக்க அவன் காதில் போட்டிருக்கிறார்கள். போன் வேறு வாசலில் இருந்தது, என்னைத் திட்டக்கூட வழியில்லை. கம்பெனி விடுகிறவரை கோபத்தை உள்ளேயே வைத்திருந்துதான் அந்த "வணக்கம் மாப்ள".

என் மனைவியிடம் சொன்னேன். முதலில் அவள் அந்த லேபிளைப் பார்த்து மூச்சு முட்டச் சிரித்தாள். அண்ணன் வரமாட்டான் என்றதும் சிரிப்பு நின்றது. "ஏங்க, எங்கண்ணன் வராட்டி யாரு மடியில பிள்ளைய உக்கார வைப்பீக? உங்க இடிமுத்து வருவானா?" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க மாப்ள, உக்காருங்க. காப்பி குடிக்கிறீகளா?" என்றான் மச்சான். ஒவ்வொரு 'ங்க'வும் என்னைக் குத்தியது. அது தற்செயலாக நடந்தது என்று சொன்னேன். நம்பினான். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டான். "நம்ம குரூப்புல ஒரே ஒரு தடவ 'ரைதோமா'ன்னு எழுதுங்க. வந்துர்றேன்."

போனை எடுத்தேன். விரல் ஓடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை முகம் கண்ணில் தெரிகிறது, விரல் மட்டும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னதும் அவள் போனைப் பிடுங்கி என் பெயரிலேயே எழுதிவிட்டாள்: "ரைதோமா ரைதோமா ரைதோமா. போதுமா?" குழுவில் ரகளையாகிவிட்டது. என் கட்சியில் இருந்து ஆட்கள் வெளியேறினார்கள். மச்சானிடமிருந்து பதில் வந்தது: "தங்கச்சி எழுதுனது செல்லாதுங்க மாப்ள."

காதுகுத்து அன்று எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கிடா வெந்துகொண்டிருந்தது. ஆசாரி ஊசியும் தோடுமாகக் காத்திருந்தார். "மாமன் எங்க?", "மாமன் எங்கப்பா?" என்று கேட்காதவர்கள் இல்லை. என் மனைவி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பெயருக்காகப் பிள்ளையின் மாமனைத் தொலைத்துவிட்டேனோ என்று அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. மச்சான்தான். பின்னால் அவன் வீட்டம்மா சீர்த்தட்டோடு இருந்தாள். டேங்கில் அந்த லேபிள் சுரண்டியும் போகாமல், பாதி முகமும் ஒரு மின்னலுமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இறங்கி நேராக என்னிடம் வந்தான். "பிள்ளைக்காக வந்தேன் மாப்ள. உங்களுக்காக இல்ல." சொல்லிவிட்டுப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். என் மகள் ஓடிப் போய் மடியில் விழுந்தாள்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. ஆசாரியின் ஊசியைப் பார்த்ததும்தான் வந்தது வினை. இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கினாள். அவள் அம்மா கெஞ்சினாள், நான் மிட்டாய் காட்டினேன். விரலைப் பிரிக்கவே முடியவில்லை. "ரைதோமா அழுவானா தங்கம்?" என்று மச்சான் காதோரம் சொல்லிப் பார்த்தான். அதற்கும் கத்தல்தான் கூடியது. பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. மச்சான் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, கோயில் மரத்துக் காக்கா பறக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தான்.

"இடிமுத்து வர்றான், வழிய விடு!"

அதே சத்தம். எங்கள் வகுப்பில் கொடுத்த அதே சத்தம், ஒரு இம்மிகூடக் குறையவில்லை. கூட்டம் அப்படியே நின்றது. என் மகள் அழுகையை விட்டுவிட்டு வாயைப் பிளந்து மாமனைப் பார்த்தாள். கை தானாக இறங்கியது. ஆசாரி கெட்டிக்காரர், அந்த நொடியில் ஒரு காது முடிந்துவிட்டது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஜெயித்துவிட்டேன்! குழுவில் இதை எப்படி எழுதுவது என்று மனசுக்குள் வாக்கியம்கூட ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது என் மகள் மற்ற காதைப் பொத்திக்கொண்டு, விசும்பிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா உங்க பேரைச் சொல்லிட்டாகள்ல? இப்ப நீங்க மாமா பேரைச் சொல்லுங்க."

எங்கள் இரண்டு பேரின் கட்சியும் அந்த மொட்டைத் தலைக்குள் எத்தனை நாளாகவோ ஒன்றாகக் குடியிருந்திருக்கிறது. அவளுக்கு இதில் சண்டையே இல்லை. ஒரு பெயர் அப்பாவோடு பார்க்கும்போது, இன்னொன்று மாமாவோடு பார்க்கும்போது. ஆசாரி ஊசியோடு என்னைப் பார்த்தார். மனைவி பார்த்தாள். சாமி வேறு பார்த்துக்கொண்டிருந்தது.

இடுப்பில் கை வைத்தேன். தொண்டை கிழிய, "ரைதோமா வர்றான், வழிய விடு!" என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு இரண்டாவது காதும் முடிந்தது. அதற்குப் பிறகு அழுதாள்தான், ஆனால் மாமன் போட்ட தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

பந்தி ஆரம்பித்தது. நான் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். மச்சான் ஒரு இலையைப் பிடித்துவைத்து, பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டிவிட்டான்.

"ஏலே மாப்ள" என்றான். "சாப்பிட்டியாலே?"

நான் உட்கார்ந்தேன். கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. எதிர்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்து சோறு வாங்கிக்கொண்டிருந்த என் மகள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஏன் அழுறாக? அப்பாவுக்கும் குத்திட்டாகளா?"