கப்பல் கடந்த பிறகு

தருமபுரம் டீக்கடையில் நேற்று நண்பன் செல்போனை நீட்டினான். கடலடிப் பாறைகளுக்குள் எண்ணெய் தேடும் ஆய்வுக் கப்பலைப் பற்றிய வீடியோ. ‘கடலன்னையின் வயிற்றை ஸ்கேன் செய்யும் மருத்துவர்’ என்று உருகியது ஒரு குரல். எனக்கு டீ புரையேறிவிட்டது. அந்த மருத்துவரிடம் நான் கம்பவுண்டராக இருந்தவன் ஐயா!

கம்பவுண்டர் என்பதுகூட அதிகம். நிலவியல் பட்டம் வாங்கிய சூட்டோடு சேர்ந்தேன். கப்பலுக்கு முன்னும் பின்னும் ஓடும் காவல் படகில், கூலிங் கிளாஸும் மைக்குமாக, மீன்பிடிப் படகுகளை விரட்டும் உத்தியோகம். கப்பலுக்குள்ளோ ஏசி, கம்பளம், காபி மணம். சுவரில் ஒரு வரைபடம். அதில் எங்கள் கடல் வெறும் வெள்ளைத்தாள், மேலே ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள். பட்டினச்சேரி மீனவர்களுக்கு விளக்கக் கூட்டமும் போட்டார்கள், ஆங்கிலத்தில். ஆளுக்கொரு தொப்பி, ஒரு பிஸ்கட் பாக்கெட். விளக்கம் முடிந்தது.

பட்டினச்சேரி செல்வம் அண்ணன் தன் மச்சானோடு கூட்டாக எடுத்த புது வலையுடன், அவரையும் படகில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் கடலுக்கு வந்திருந்தார். நான் மைக்கில் கத்தியதும் மரியாதையாக ஒதுங்கினார். எந்தக் கப்பலும் முதுகைக் காட்டிவிட்டால் கடல் மறுபடி நம்முடையது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கப்பல் கடந்ததும் வலையை இறக்கத் தொடங்கினார்.

இந்தக் கப்பலின் வாலோ கண்ணுக்கெட்டாத தூரம்வரை தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தது. பாறையில் பட்டுத் திரும்பும் ஒலியைப் பிடிக்கும் தடித்த வடங்கள்.

“போடாதீங்கண்ணே! பின்னால வயர் வருது!”

“கப்பல்தான் போயிடுச்சேடா மைக்செட்டு! தண்ணியில என்னடா வயரு, ஒங்கப்பன் வீட்டு கரண்டா?”

மச்சான் சிரித்து முடிக்கவில்லை. வலைக்கயிறு விறைத்துப் படகையே இழுத்தது. அண்ணன் கத்தியை எடுத்து அறுத்தார். படகு தப்பியது, வலை போயிற்று.

கப்பலை நிறுத்தச் சொல்லி வயர்லெஸில் கெஞ்சினேன். முடியாதாம், வடங்கள் சிக்கிக்கொள்ளுமாம். பிறகு அதிகாரி ஒருவர் மனமுருகி வருந்தினார்: வலை மாட்டியதில் அந்தக் கோட்டில் இரைச்சல் பதிவாகிவிட்டதாம், திரும்ப ஓட்ட வேண்டுமாம். ஒரு வீட்டின் சோறு அந்த மேதைகளுக்கு இரைச்சல். கடைசியில், கீழே உருப்படியாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன வாரம் செல்வம் அண்ணனோடும் மச்சானோடும் கடலுக்குப் போயிருந்தேன். கரிக்கப்பல் ஒன்று கடந்து போனது. நுரை அடங்கி, மீன் துள்ளுவது தெரிந்தது. இரவல் வலை அவர் மடியிலேயே இருந்தது.

“அது வெறுங் கரிக்கப்பல்ண்ணே. போடுங்க.”

“இருடா. இன்னுங் கொஞ்சம் போவட்டும்.”

மச்சான் சிரிக்கவில்லை. கப்பல் புள்ளியாகி மறைந்தது. மீன் கூட்டமும் போய்விட்டது. அண்ணன் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.