ழகரம் சொல்லாத கம்ப்யூட்டர்

புதுக்கடை என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பெமிலா கம்ப்யூட்டர் லேப் உதவியாளர். வயது முப்பத்தெட்டு. பள்ளியில் எது பழுதானாலும், தண்ணீர் மோட்டார் உட்பட, அவளைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவளுக்கு மோட்டார் தெரியாதா என்பது அவர்கள் நினைப்பு.

அலுவலகத்தில் கடிதங்கள் அடிக்கும் குளோரிக்குப் பார்வை கிடையாது. அடித்ததைக் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும். அவள் ஹெட்போனில் கேட்டுச் சரிபார்ப்பாள். ஆனால் அந்தக் குரலுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். விசை தவறினால் காதில் பிடிபடாது. மூன்று வருடமாகப் பெமிலாதான் சத்தமில்லாமல் ஒரு நகலில் திருத்திப் பிரிண்ட் எடுத்துவந்தாள். இப்போது புதிதாக வந்த செயலாளர், இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு திங்கட்கிழமை தன் கண்முன்னால் குளோரி ஒரு கடிதம் அடிக்கட்டும், பிழை இருந்தால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

மூன்று எழுத்தையும் பிரித்துச் சொல்லும் புதிய குரல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, மூலநிரலாக. அதை ஓடும் மென்பொருளாக மாற்றக் கம்பைலர் வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரின் லினக்ஸ் இயங்குதளமோ பன்னிரண்டு வருடப் பழசு. ஃபீஸ் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும், எழுதிக் கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார், ஆகவே அதை மாற்றக்கூடாது. அதிலிருந்த கம்பைலருக்குப் புதிய நிரல் புரியவில்லை. புதிய கம்பைலரை உருவாக்கலாம் என்றால், அதற்கும் பழையது போதாது. நடுவில் இன்னொன்றை உருவாக்க வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அந்த வேலை ஒன்பது மணி நேரம் ஓடி, முடியப்போகும் சமயத்தில் கரண்டு போனது. இரண்டு தடவை.

மென்பொருளை எழுதியவர்களிடம் கேட்டாள். சிஸ்டத்தைப் புதுப்பியுங்கள் என்று பதில் வந்தது. பசிக்கிறது என்றவனிடம் சாப்பிடு என்பதுபோல. காசு வாங்காமல் எழுதித் தருகிற மனிதர்கள், அவர்களை வைய எனக்கு மனம் வரவில்லை. பெமிலா வைதாள்.

பதினோராம் நாள், ஞாயிறு ஆராதனைக்கும் போகாமல் உட்கார்ந்து முடித்தாள். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் குளோரி அடித்த கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. செயலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். வேலை தப்பியது.

மதியம் குளோரி தன் பழைய கடிதங்களைத் திறந்து புதிய குரலில் கேட்கத் தொடங்கினாள். "மலை காரணமாகப் பல்லிக்கு விடுமுறை." அடுத்த கடிதம். அதற்கடுத்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"ஏட்டி பெமிலா, இதையா நான் எல்லாருக்கும் அனுப்பினேன்?"

"இல்லக்கா. நான் திருத்திதான் பிரிண்ட் எடுத்தேன்."

"மூணு வருசமாட்டா?"

"சொன்னா உங்களுக்கு வெசனமாவும்னு நெனச்சேன்."

குளோரி ஹெட்போன் வயரைச் சுருட்டினாள்.

"கம்ப்யூட்டருக்கு நாக்கு பொரளல்ல, செரி. உனக்கு என்னட்டி வந்து?"