மறந்திட்டன் என்ற பொய்

என் கணவர் இறந்த வருடமே மகள் பெரியபிள்ளையாகி அவளின் சாமத்தியச் சடங்கு வந்தது. நான் எடுத்த ஆராத்தித் தட்டை அக்கா எல்லோர் முன்னாலும் பறித்து, "தாலியறுத்தவள் தொடக்கூடா" என்றாள். அம்மா எங்களுக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்த ஒரே வளவுக் காணியில்தான் இரண்டு வீடும். நடுவேலியில் அவள் வந்துபோகும் கடப்பை அன்றே முள் வைத்து அடைத்தேன்.

போன மாரியில் அழுதுகொண்டு வந்து மன்னிப்புக் கேட்டாள். "அதெல்லாம் மறந்திட்டன் அக்கா" என்று முள்ளை எடுத்துவிட்டேன். ஆனால் அதன்பின் அவள் கொண்டுவந்த வாவி மீன்கறியை என்னால் தின்ன முடியவில்லை. தினமும் கோழிக்குக் கொட்டினேன். ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"மன்னிப்புக் கேட்டப்பவே மறக்கல்லெண்டு சொல்லியிருக்கலாமே, புள்ள" என்று வெறும் சட்டியோடு திரும்பினாள். அந்த முகம் இன்னும் என்னை வதைக்கிறது.

மறுநாள் நானே போய், "எனக்கு இன்னம் மனசு ஆறல்ல அக்கா" என்றேன். இப்போது அவள் கறி கொண்டுவருவதில்லை. கடப்பால் வந்து, கொஞ்ச நேரம் திண்ணையில் குந்தியிருந்துவிட்டுப் போகிறாள்.